மடிக்காத துணி

டீச்சர் முன்னால் தலையை ஆட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. எதையாவது விளக்கிச் சொல்லி முடித்தால், மற்றவர்களைப் போல "புரிஞ்சுதா?" என்று கேட்க மாட்டார். பேசாமல் பார்ப்பார். முகத்தை அல்ல, கையைப் பார்ப்பார். எனக்கு அந்தப் பார்வை தாங்காது. உடனே தலையை ஆட்டிவிடுவேன்.

"பொய்த்தலைண்ணா இது" என்பார்.

பொய்த்தலை என்பது அவரே உண்டாக்கிய வார்த்தை. புரியாமல் ஆடுகிற தலைக்கு அந்தப் பெயர். புரிந்த தலை உடனே ஆடாது என்பது அவர் கண்டுபிடித்து வைத்திருந்த விஷயம்.

"நெஜமா புரிஞ்சவங்க கொஞ்ச நேரம் சும்மா இருப்பாங்கண்ணா. உள்ள போய்க்கினு இருக்குது இல்ல, அது போய் உக்கார்ற வரிக்கும் கை ஆடாது. அப்புறம்தான் தலை ஆடும். சில பேருக்கு அதுகூட ஆடாது."

அப்போது அவர் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பி.எட். படித்தார். உயர்நிலைப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் சொல்லித்தரும் டீச்சர் ஆக வேண்டும் என்பது ஆசை. அவர் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு எதிரில், புங்கமரத்தடியில், என் இஸ்திரி வண்டி நின்றது. டீச்சர் வேலைக்குப் படிக்கிற பெண்கள் பயிற்சிக்குப் போகும் நாளெல்லாம் கஞ்சி போட்ட காட்டன் புடவைதான் கட்ட வேண்டுமாம். அதனால் எனக்குக் காலை மாலை வேலை இருந்தது. கரிப்பெட்டியைத் தூக்கி வைத்தால் கஞ்சி வாசனையோடு ஆவி எழும். அந்த ஆவிக்குப் பின்னால் நான் இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. யாரிடமும் நிமிர்ந்து பேச வராத ஆள் நான்.

ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பாதி வாழ்க்கையைத் தலையை ஆட்டியே நடத்தியிருக்கிறேன். பாங்கியில் ஏதோ சொல்வார்கள், ஆட்டுவேன். மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொல்வார்கள், ஆட்டுவேன். ஆட்டினால் எதிரில் இருப்பவர் சந்தோஷமாக அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். நானும் தப்பித்தேன், அவரும் தப்பித்தார்.

அவர் என்னிடம் பாடம் நடத்த ஆரம்பித்தது ஒரு கோபத்தில். ஒருநாள் சாயங்காலம் புடவையை வாங்க வந்தவர், வாங்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க காலேஜுல பாடம் எடுத்துப் பழகணும்னா, கூடப் படிக்கறவங்களே பசங்க மாதிரி உக்காருவாங்கண்ணா. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கறாங்க. ஒருத்தி எழுந்து டவுட்டு கேக்கறா. அதுவும் முன்னாடியே பேசி வெச்சிக்கின டவுட்டு. எனக்கு நெஜமாவே தெரியாதவங்க ஒருத்தர் வேணும்."

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

"நீங்க எத்தினாவது வரிக்கும் படிச்சீங்க?"

"அஞ்சாவதுங்க, டீச்சர்."

"நல்லதாப் போச்சி."

என் படிப்பைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

"டீச்சர்னு கூப்பிடாதீங்கண்ணா" என்று உடனே சொன்னார். "இன்னும் ஆவல. ஆனப்புறம் கூப்பிடுங்க."

நான் கேட்கவில்லை. டீச்சர் என்றே கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் "இன்னும் ஆவல" என்றார்.

அந்தச் சாயங்காலங்கள் இப்போது நினைத்தால் நடந்தவை மாதிரியே இல்லை. வெயில் மஞ்சளாகி விடுதிச் சுவரில் ஏறும். மரத்தில் காக்கைகள் இடம் மாற்றி மாற்றி உட்காரும். நான் ஒரு புடவையை விரித்து, தண்ணீர் தெளித்து, பெட்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு போவேன். அவர் வண்டிக்கு எதிர்ப்பக்கம் நின்று ஏதாவது ஒரு எண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். பாதிப் பேச்சு ஆவியோடு மேலே போய்விடும். எது என் காதில் விழுந்தது, எது விழவில்லை என்று எனக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்துவிடும்.

எல்லாம் அழகாகவே நடந்தது என்றும் சொல்ல முடியாது. ஒருநாள் நிலைமம் என்று ஒரு பாடம். சும்மா இருக்கிற பொருள் சும்மாவே இருக்கப் பார்க்குமாம். அதைக் காட்ட ஒரு செய்தித்தாளை வண்டியில் விரித்து, அதன்மேல் என் டீ கிளாஸை வைத்து, தாளை வெடுக்கென்று இழுத்தார். தாள் மட்டும் வர வேண்டும். கிளாஸும் கூடவே வந்தது. பக்கத்தில் மடித்து வைத்திருந்த யாரோ ஒரு எல்.ஐ.சி. ஏஜெண்டின் வெள்ளைச் சட்டை முழுவதும் டீ.

"புரிஞ்சிச்சி டீச்சர்" என்றேன் அவசரமாக.

"இன்னா புரிஞ்சிச்சி?"

"சட்டையத் தள்ளி வெச்சிருக்கணும்."

அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அப்புறம் அந்தச் சட்டையை எடுத்துப்போய் அவரே துவைத்துக் காய வைத்துக் கொண்டுவந்தார். நான் தேய்த்தேன். ஏஜெண்டுக்கு இன்று வரை தெரியாது.

தெருவில் எல்லாருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். டீக்கடைக்காரர் அவர் வருவதைப் பார்த்தால், "பேஜாரு வருதுப்பா" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். காரணம், அடுத்தவர் பொய்த்தலையை அவர் விடாத மாதிரியே தன்னுடையதையும் விட மாட்டார். தனக்குப் புரியவில்லை என்றால் நடுக்கடையில் சொல்வார். செல்போன் ரீசார்ஜ் கடையில் அந்தப் பையன் ஒரு மூச்சில் ஏதேதோ திட்டங்களைச் சொன்னான். "புரியல தம்பி, திரும்ப சொல்லு" என்றார். சொன்னான். "இன்னும் புரியல." பின்னால் வரிசை நின்றது. "ஜல்தி ஆவட்டும்மா" என்று ஒருவர் முணுமுணுத்தார். அவர் நகரவில்லை. மூன்றாவது முறை அந்தப் பையன் மெதுவாகச் சொன்னான். அவர் வெளியே வந்தபோது வரிசையின் கடைசியில் நின்ற நானும் வெளியே வந்துவிட்டேன். நான் கேட்க வந்ததும் அதுதான். எனக்கும் சேர்த்து அவர் கேட்டுவிட்டார்.

என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த சமயத்திலும் அவர் என்னை விடவில்லை. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்திருந்தேன். டாக்டர் நல்ல மாதிரிதான், பொறுமையாகச் சொன்னார். நான் பழக்கத்தில் ஆட்டிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் டீச்சர், "டாக்டர் இன்னா சொன்னாருண்ணா?" என்று கேட்டார்.

"மாத்திரை குடுத்தாரு."

"எது காலையில, எது ராத்திரியில?"

பெட்டியைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"அங்கயும் பொய்த்தலையா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார். "இது கணக்கு இல்லண்ணா. அண்ணி உடம்பு. நாளைக்குப் போயி, நேத்து சொன்னது புரியலன்னு சொல்லுங்க. அவ்ளோதான், வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

மறுநாள் அந்த வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும், "நேத்து சொன்னது புரியலைங்க" என்றேன். என் குரலை நானே அன்றுதான் கேட்ட மாதிரி இருந்தது. டாக்டர் சீட்டை வாங்கி, ஒரு மாத்திரைப் பட்டையின் மேல் சூரியனும் இன்னொன்றின் மேல் நிலாவும் வரைந்து கொடுத்தார். அதற்கு அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

இப்படிப்பட்டவர் முதல் தடவை பரீட்சையில் தேறவில்லை என்பதை அவருடைய அறையில் கூட இருந்த பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெண் வாயாடி. புடவையை வண்டியில் போட்டுவிட்டு ஊர்க்கதை எல்லாம் சொல்வாள்.

"எங்களுக்குக் கடைசியில கமிஷன்னு ஒண்ணு இருக்குதுண்ணா. வெளியூர்லேர்ந்து ரெண்டு பேரு வருவாங்க. நாங்க ஒரு ஸ்கூல்ல நெஜப் பசங்களுக்கு ஒரு பீரியடு பாடம் எடுக்கணும். அவங்க பின் பெஞ்சுல உக்காந்து மார்க்கு போடுவாங்க. அறிமுகம், பாடம், கேள்வி, வீட்டுப்பாடம் எல்லாம் பெல்லு அடிக்கறதுக்குள்ள முடியணும். போன தபா இவ இன்னா பண்ணா தெரியுமா? ஒரு பையனுக்குப் புரியலன்னு அவன் பெஞ்சுல போய் உக்காந்துட்டா. பெல்லு அடிக்கற வரிக்கும் எழுந்துக்கல. வந்தவங்களுக்கு இவ முதுகுதான் தெரிஞ்சுது. பாடம் முடியலன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

"அந்தப் பையனுக்குப் புரிஞ்சிச்சாமா?" என்று கேட்டேன்.

"அதையா கேக்கறீங்க? நீங்களும் அவளும் ஒண்ணு" என்று போய்விட்டாள்.

அவருடைய அப்பா வல்லம் பக்கத்து ஊர்க்காரர். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். மகளைப் பார்க்க வரும்போது அவித்த மல்லாட்டை ஒரு பை கொண்டுவருவார். விடுதிக்குள் ஆண்களை விட மாட்டார்கள் என்பதால் என் வண்டி ஓரம்தான் உட்காருவார். இரண்டாவது கமிஷனுக்கு முன்னால் ஒருமுறை வந்தபோது, உரித்துத் தின்றுகொண்டே என்னிடம் சொன்னார்.

"இந்த தபா பாத்துட்டு கூட்டிக்கினு பூடுவேன்பா. பையன் வூட்டுல கேட்டுக்கினே இருக்கறாங்க. டீச்சர் ஆயிட்டான்னா அது வேற பேச்சி, வேலைக்கு அனுப்பறேன்றாங்க. ஆவலன்னா படிச்ச வரிக்கும் போதும், வூட்ட பாக்கட்டும். நானும் சரின்னுட்டேன். இன்னா, நான் சொல்றது?"

டீச்சர் விடுதி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அன்று தலையை ஆட்ட எனக்கு நேரம் பிடித்தது. பெரியவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

அந்தக் கமிஷனுக்கு அவர் எடுத்துக்கொண்ட பாடம் அடுக்குகள். ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கிக்கொண்டே போனால், எத்தனை தடவை என்பதை மேலே சின்னதாக எழுதுவார்களாம். இரண்டின் மேல் மூன்று போட்டால் எட்டு. இரண்டு போட்டால் நான்கு. ஒன்று போட்டால் இரண்டு. அதுவரைக்கும் நான் கூடவே போனேன்.

"மேல பூஜ்ஜியம் போட்டா ஒண்ணு" என்றார்.

நான் ஆட்டினேன்.

"பொய்த்தலை."

"இல்ல டீச்சர்..." என்று இழுத்தேன். பிறகு, இத்தனை நாள் பழக்கத்தில் தைரியம் வந்து, கேட்டேன்: "ஒண்ணுமே பண்ணலன்னு சொல்றீங்க. ஒண்ணும் பண்ணலன்னா ஒண்ணும் வரக்கூடாது. எப்டி ஒண்ணு வரும்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதாண்ணா. இதத்தான் பசங்க மனசுல வெச்சிக்கினு சொல்ல மாட்டாங்க."

ஆனால் அவராலும் அதை எனக்குப் புரியவைக்க முடியவில்லை. எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என்று பாதி பாதியாகக் குறைத்துக் காட்டினார். கல்லை அடுக்கிக் காட்டினார். ஒவ்வொரு சாயங்காலமும் வேறு ஒரு வழி. நான் ஒவ்வொரு சாயங்காலமும் முட்டாளாகவே நின்றேன். கமிஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்காக அவர் மெனக்கெடுவது எனக்கே கூச்சமாக இருந்தது. "இத்த உட்டுட்டு அடுத்தது படிங்க டீச்சர்" என்றேன்.

"இத்த உட்டுட்டுப் போனா அடுத்ததுக்குப் போன மாதிரி இருக்கும். போயிருக்க மாட்டேன்."

ஒருநாள் மழை பெய்து ஓய்ந்த நேரம். மரம் சொட்டிக்கொண்டிருந்தது. விடுதி விரிப்பு ஒன்றைத் தேய்த்து முடித்து மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, இன்னொன்று. அவர் வழக்கம்போல என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் கை அந்தரத்தில் நின்றது.

"இருங்கண்ணா. பிரிங்க, மொத்தத்தையும் பிரிங்க. இப்ப ஒரு தபா மடிங்க. எத்தினி அடுக்கு இருக்குது?"

"ரெண்டு."

"இன்னொரு தபா."

"நாலு."

"இன்னொரு தபா."

"எட்டு."

"எத்தினி தபா மடிக்கறீங்களோ அது மேல போடற நம்பரு. சரியா? இப்ப திரும்பப் பிரிச்சிப் போடுங்க. எத்தினி தபா மடிச்சிருக்குது?"

"மடிக்கவே இல்லியே."

"துணி எத்தினி அடுக்கு இருக்குது?"

விரிப்பு வண்டி முழுவதும் விரிந்து கிடந்தது. மடிப்பின் கோடுகள் மெல்ல மறைந்துகொண்டிருந்தன. நான் அதைப் பார்த்தேன். துணி அங்கேதான் இருந்தது. நான் எதுவும் செய்யாதபோதும் அது இருந்தது. மூன்றாக மடித்தாலும் ஐந்தாக மடித்தாலும், கை வைப்பதற்கு முன்னால் அது ஒன்று. பெட்டியில் சாம்பலை ஊதினால் உள்ளே இருக்கிற சிவப்பு தெரியுமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று எனக்குள் தெரிந்தது. புதிதாக எதுவும் வரவில்லை. ஏற்கெனவே இருந்ததன் மேலிருந்த சாம்பல் போயிற்று.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மரம் சொட்டுவது மட்டும் கேட்டது. நிமிர்ந்தபோது அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. புடவையை எடுத்துக்கொண்டு விடுதிக்குள் போய்விட்டார்.

அவருக்குப் பயிற்சி கொடுத்த கல்லூரி மேடம் அந்தத் துணியை ஒப்புக்கொள்ளவில்லை. துணியை மடித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும், போன முறை நடந்தது போதும், சார்ட்டை மாட்டு, விதியைச் சொல், கணக்குக்குப் போ என்று சொல்லிவிட்டாராம். அவர் எங்கள் டீச்சர் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார். டீச்சரும் சரி என்று சார்ட் எழுதினார்.

கமிஷன் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வருகிறவர்களுக்கு மரியாதையாக டீச்சர் மேசையில் நல்ல விரிப்பு போட்டு, பூ வைப்பார்கள். அந்த விரிப்புகள் என்னிடம் தேய்க்க வந்திருந்தன. முந்தின நாள் மழையில் கரி நனைந்து வேலை ஓடவில்லை. அதனால் விடியலில் எழுந்து தேய்த்து, நானே பஸ் ஏறி எடுத்துப்போனேன். ரோட்டின் இரண்டு பக்கமும் பனி. ஏரித் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. மடியில் விரிப்புகள் கதகதப்பாக இருந்தன.

வாயாடிப் பெண்ணின் கமிஷன் முந்தின நாளே முடிந்திருந்தது. அவள்தான் வராந்தாவில் ஓடியாடிக்கொண்டிருந்தாள். விரிப்பை வாங்கிக்கொண்டு, "இருந்து திரும்ப எடுத்துக்கினு போங்கண்ணா" என்றாள். பிறகு டீச்சரைப் பிடித்து நிறுத்தினாள்.

"பசங்களுக்குச் சொல்லி வெச்சிட்டேன். தெரிஞ்சவங்க சோத்துக்கை, தெரியாதவங்க பீச்சாங்கை. நீ எத்த கேட்டாலும் எல்லா கையும் மேல இருக்கும். பாக்கறவங்களுக்கு கும்முனு இருக்கும். நீ சோத்துக்கையா பாத்து எழுப்பு. வேற யாரையும் பாக்காத. உங்கப்பா வெளிய நிக்கறாரு, ஞாபகம் வெச்சிக்க. சரியா?"

டீச்சர் உடனே தலையை ஆட்டினார்.

அவரிடம் நான் பார்த்த முதல் பொய்த்தலை அது.

வராந்தா ஜன்னல் ஓரம் நின்றேன். உள்ளே பின்பெஞ்சில், மார்க் போட வெளியூரிலிருந்து வந்த ஒரு வயதான ஐயாவும் ஒரு மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் ஆரம்பமானது. டீச்சர் கேள்வி கேட்டதும் வகுப்பு முழுவதும் கைகள் எழுந்தன. நாற்று நட்ட வயல் மாதிரி இருந்தது. அவர் வலது கைகளாகப் பார்த்து எழுப்பினார். பதில்கள் டாண் டாண் என்று வந்தன. மேடம் தலையசைத்துக்கொண்டே எழுதினார். பக்கத்தில் நின்ற வாயாடி என் முழங்கையைக் கிள்ளினாள்.

பூஜ்ஜியத்துக்கு வந்தார். சார்ட்டில் இருந்த விதியை வாசித்தார். பிள்ளைகள் ஒரே குரலில் திரும்பச் சொன்னார்கள்: "எந்த எண்ணுக்கும் பூஜ்ஜியம் அடுக்கானால் ஒன்று." அத்தனை தலையும் ஒன்றாக ஆடியது.

அடுத்து அவர் கணக்குக்குப் போக வேண்டும். போகவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி அவர்கள் கைகளைப் பார்த்தார்.

"வேணாம்டி" என்றாள் வாயாடி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ஏன் ஒண்ணு வருது? யார் சொல்றீங்க?"

எல்லாக் கைகளும் எழுந்தன. என் ஜன்னலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒரு சிறுமி இடது கையை முழுசாக நீட்டியிருந்தாள். தன்னைக் கேட்க மாட்டார்கள் என்ற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது.

"நீ சொல்லும்மா, ஜன்னலோரம்."

சிறுமி எழுந்தாள். தன் கையைத் தானே பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"மிஸ்... நான் பீச்சாங்கை மிஸ்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாயாடி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்பெஞ்சு ஐயா எழுந்தார். "அது என்னம்மா பீச்சாங்கை?"

"தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை சார். அப்படிச் சொல்லி வெச்சிருக்கோம்" என்றார் டீச்சர். யார் சொல்லி வைத்தது என்று சொல்லவில்லை.

"தெரியாதவங்கன்னு தெரிஞ்சே ஏன் எழுப்புனீங்க?"

டீச்சர் குரல் எதிர்த்துப் பேசுகிற குரலாக இல்லை, தனக்குள் கேட்டுக்கொள்கிற குரலாக இருந்தது. "தெரிஞ்சவங்களுக்கு நான் எதுக்கு சார்?"

ஐயா உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் மேசையிலிருந்த பூச்சாடியை எடுத்து நாற்காலியில் வைத்தார். இழுத்துவிடாமல் எடுத்து வைத்தாரே என்று எனக்கு மூச்சு வந்தது. பிறகு நான் தேய்த்த விரிப்பை மேசையிலிருந்து உருவினார். "எடது கை தூக்குனவங்க எல்லாம் முன்னாடி வாங்க." பாதி வகுப்பு வந்தது. ஜன்னலோரச் சிறுமி கையில் துணியின் ஒரு முனையைக் கொடுத்தார். மடிக்க மடிக்கக் கரும்பலகையில் எழுதினார். இரண்டு, நான்கு, எட்டு. பிறகு பிரிக்கச் சொன்னார். விரிப்பு அவர்கள் கைகளுக்கு நடுவில் தொட்டில் மாதிரி தொங்கியது.

"எத்தனை தடவை மடிச்சிருக்கு?"

"மடிக்கவே இல்ல மிஸ்."

"துணி?"

சிறுமி வாயைத் திறந்தாள். பதில் வரவில்லை. துணியைப் பிடித்த அவள் கை அப்படியே நின்றது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேள்விகள் பாக்கி இருந்தன, வீட்டுப்பாடம் பாக்கி இருந்தது. டீச்சர் அவளுக்காகப் பதில் சொல்லவில்லை. நின்றார். காற்றில் துணி லேசாக ஏறி இறங்கியது.

பெல் அடித்தது.

"ஒண்ணு" என்றாள் சிறுமி, பெல் சத்தத்துக்குள். எனக்கு அது உதட்டசைவில்தான் தெரிந்தது.

வெளியே வரும்போது ஐயா, "நேரத்தைப் பாத்துக்கணும்மா" என்றார். அவ்வளவுதான். அவர் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவருடைய அப்பா முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டார். வாயாடி அழுது ஓய்ந்திருந்தாள். டீச்சர் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தார்.

"போச்சிண்ணா" என்றார். விக்கிரவாண்டி தாண்டியதும் திரும்பினார். "அந்தப் பொண்ணு கை நின்னுச்சே, பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர்."

இந்தத் தடவை "இன்னும் ஆவல" என்று அவர் சொல்லவில்லை.

அந்த வாரமே அப்பா வந்து பெட்டியோடு கூட்டிப்போனார். ரிசல்ட் வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். "வந்தா சொல்றேண்ணா" என்றார் டீச்சர். எந்த நம்பருக்கு என்று அவர் கேட்கவில்லை. நானாகக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. வாயாடியும் போய்விட்டாள். அடுத்த வருஷம் விடுதியையே இடித்துவிட்டு வேறு கட்டினார்கள். அவர் தேறினாரா, வல்லத்துப் பக்கம் யார் வீட்டிலாவது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. பெட்டியைத் தள்ளும்போது சில சாயங்காலங்களில் அந்தக் கேள்வி ஆவியோடு எழும், போய்விடும்.

என் மகளை இப்போது திண்டிவனத்தில் கொடுத்திருக்கிறோம். போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது, ரோடு வேலை நடக்கிறது என்று பஸ்ஸை ஒரு சந்து வழியாக விட்டார்கள். பாதியில் நின்றுவிட்டது. பக்கத்தில் தாழ்ந்த மதில், அதற்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். திறந்த ஜன்னலில் ஒரு வகுப்பு தெரிந்தது. பத்து மணி வெயில் பெஞ்சுகளின் மேல் சாய்வாகக் கிடந்தது.

கைகள் எழுந்தன. வகுப்பு முழுவதும் இல்லை, ஒரு பத்துப் பதினைந்து கைகள். எல்லாம் இடது கைகள். பயமில்லாமல், என்னைக் கேளு என்னைக் கேளு என்று முண்டிக்கொண்டு நீண்டிருந்தன. வலது கை ஒன்றுகூட இல்லை.

டீச்சர் தூணுக்குப் பின்னால் நின்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காட்டன் புடவையின் கொசுவம் மட்டும். ஈரம் காய்வதற்குள் மடித்திருந்தார்கள், அவ்வளவு நல்ல இஸ்திரி இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். என் இடது கை எப்போது மேலே போனது என்று எனக்குத் தெரியாது.

"இன்னாண்ணா, இங்கியா எறங்கணும்?" என்றார் கண்டக்டர். "இது ஸ்டாப்பிங் இல்ல. போலாமா?"

நான் தலையை ஆட்டவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. ஜன்னல் போய், மதில் போய், சந்து போய், ரோடு வந்தது. நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.